அச்சு ஆறுவதற்குள்

அத்தியாயம் ஒன்பது

அரக்கு முத்திரை உடையவில்லை. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. ஆனால் உள்ளே யாரோ மாவு குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

சளக்... சளக்... சளக்...

மூத்தவள் கதவில் காதை ஒட்டவைத்தாள். ரப்பர் கிண்ணத்தின் ஓரத்தில் தட்டைக் கரண்டி உரசும் சத்தம். அவளுக்குப் பழக்கமான சத்தம்தான். அவள் நாக்கு தானாகப் போய் மேலண்ணத்துக் குழியைத் தடவியது. சின்ன வயதில் பென்சிலைக் கவ்விக்கொண்டு ஓடி, விழுந்து, வாங்கிய தழும்பு. பயம் வந்தால் நாக்கு அங்கேதான் போய் ஒளிந்துகொள்ளும்.

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு நடுவே, இந்த மாடிக்காக ஆறு வருடம் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவள் அவள். அம்மா காலத்திலிருந்து இங்கே குடியிருந்த பல்செட்டுக்காரர், அம்மா போன பிறகு அவளும் தம்பியும் மாடியைக் கேட்டபோது "காலி பண்ண முடியாது" என்று சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு அன்றும் பதிலில்லை, கூண்டில் ஏறியபோதும் பதிலில்லை.

கடைசியில் தீர்ப்பு வந்தது. பின்னாலேயே கோர்ட்டு அமீனாவும் வந்தார். பல்செட்டுக்காரர் ஒரே ஒரு துணிப்பையோடு இறங்கிப் போனார். தொழில் சாமான் அத்தனையும் உள்ளறையில் அப்படியே கிடந்தன. அமீனா அந்த அறையை மட்டும் பூட்டி, கயிறு கட்டி, அரக்கு வைத்தார். "இன்ன தேதி மாலை ஆறு மணிக்குள்ள வந்து எடுத்துக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றார்.

அந்த இன்ன தேதி இன்றைக்குத்தான்.

இன்றைக்கேதான் அவள் வீடு மாறுகிறாள். இதுவரை இருந்த வாடகை வீட்டின் சாவியைக் காலையில் கொடுத்தாகிவிட்டது. அங்கே இந்நேரம் அடுத்த குடும்பம் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும். அவளுடைய கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், கண்ணாடி வைத்த அலமாரி எல்லாம் வாசலில் லாரியில் நிற்கின்றன. கீழ் வீட்டில் தம்பி ஒருவனுக்கே இடம் போதாது. இந்த மாடியை விட்டால் இன்றிரவு தலைசாய்க்க ஒரு கூரை கிடையாது.

"என்னக்கா, கதவு கிட்ட ரகசியம் பேசிட்டிருக்க?"

கீழ் வீட்டில் இருக்கும் தம்பி, பல்லெல்லாம் தெரிய மேலே வந்தான். மேடை நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்குகிறவன். வாய்தான் அவன் சோறு. இடது பக்கத் தெத்துப்பல் எட்டிப் பார்க்கும் அந்தச் சிரிப்பு, நோட்டீஸ்களில் அவன் பெயரைவிடப் பெரிதாக அச்சாகும்.

"இங்க வா. காதை வை."

வைத்தான். சிரிப்பு மெல்லச் சுருங்கியது.

"எலியா இருக்கும்."

"எலி மாவு குழைக்குமா?"

"வாடகை குடுக்காத எலின்னா எல்லாம் பண்ணும்." சொன்னானே தவிர, காதை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான். "அக்கா, உண்மையைச் சொல்லட்டா? ராத்திரியெல்லாம் கூடக் கேட்டுச்சு. உன்கிட்டச் சொன்னா நீ லாரியைத் திருப்பிடுவன்னு சொல்லல."

"திருப்பி எங்கடா போறது?"

மாடிப்படியில் மூச்சு வாங்கியபடி அவள் கணவர் வந்தார். பஸ் கண்டக்டர். வீட்டிலும் அந்தக் குரல்தான்.

"நடுவுல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க! லாரிக்காரர் அடுத்த சவாரிக்குப் போகணுமாம். என்ன மாப்ள, மூஞ்சி இப்படி வெளிறிக்கிடக்கு?"

"உள்ள ஆள் இருக்காங்க, மாமா."

கண்டக்டர் பூட்டைப் பார்த்தார். அரக்கைப் பார்த்தார். பிறகு பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவதுபோலக் கதவில் இரண்டு தட்டு தட்டினார்.

டப் டப்.

சளக் சத்தம் நின்றது.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் லாரிக்காரர் எதற்கோ இருமினார்.

பிறகு உள்ளே இருந்து, அதே இடைவெளியில், அதே அழுத்தத்தில்:

டப் டப்.

"போலாம்னு சொல்லுது" என்றார் கண்டக்டர்.

மூத்தவள் வெளி வராந்தாவுக்கு ஓடி வக்கீலுக்குப் போன் போட்டாள். வக்கீல் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அந்த உரிமையில் எடுத்தவுடனேயே ஆரம்பித்தாள்.

"என்னடி, பால் காய்ச்சியாச்சா? எனக்கு ஒரு தம்ளர் எடுத்து வைச்சியா?"

"அந்த அறைக்குள்ள சத்தம் வருதுடி. உடைச்சுத் திறந்துடவா?"

மறுமுனையில் குரல் சட்டென்று கோர்ட்டுக் குரலாகியது.

"தொட்டே, தொலைஞ்சே. நல்லாக் கேட்டுக்கோ. வீடு உன்னோடது, சுவர் உன்னோடது, பூட்டை மாத்தலாம், பெயின்ட் அடிக்கலாம், குடி போகலாம். ஆனா உள்ள இருக்கிற சாமான் உன்னோடது இல்ல. இன்னிக்கு ஆறு மணி வரைக்கும் அந்த ஒரு கதவு கோர்ட்டோட கதவு. நீ அரக்கை உடைச்சேன்னு வச்சுக்கோ, அவர் நேரா வந்து 'என் சாமான் காணோம், என்னைத் திரும்ப உள்ள விடு'ன்னு மனு போடுவார். ஆறு வருஷம் தண்ணியில போட்ட உப்பு."

"உள்ள மனுஷங்க இருந்தா?"

"மனுஷன்னா போலீஸுக்குச் சொல்லு. எலின்னா பொறி வை. ரெண்டும் இல்லைன்னா எனக்கு ஃபீஸ் அதிகம்."

அவள் சிரிக்கவில்லை. ஏனென்றால் வாசல் கேட்டுக்கு வெளியே, லாரியின் நிழலில், பல்செட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அதே வெளுத்த சட்டை. பேசும்போது வாயை மறைக்கும் அதே இடது கை. இத்தனை வருடத்தில் ஊருக்கே பல் கட்டிக் கொடுத்த மனிதர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. தெருவில் அவரைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவார்கள். 'அவர் அளவே எடுக்க வேண்டாம், கண்ணாலேயே எடுத்துடுவார். நாம பல் விழுந்து போய் நிக்கும்போது செட்டு ரெடியா இருக்கும்.' அது வியாபாரத்துக்குக் கட்டிய கதை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"வாங்க சார்." போனை மூடாமலே படி இறங்கினாள். "சாமானை எடுத்துட்டுப் போக வந்தீங்களா? லாரி இருக்கு, கூலிக்கு ஆள் இருக்கு. நானே ஏத்தித் தர்றேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா." கைக்குப் பின்னாலிருந்து குரல் காற்றாக வந்தது. "அதைச் சொல்லத்தான் வந்தேன். கெடு முடியறதுக்குள்ள வாயால சொல்லிடணும்னு."

"புரியல சார்."

"உள்ள இருக்கிறதை எல்லாம் விட்டுட்டேன். இனிமே அது உங்களோடது."

காதோரப் போனிலிருந்து வக்கீல் துள்ளிக் குதிப்பது கேட்டது. "ஸ்பீக்கர்ல போடுடி! ஸ்பீக்கர்ல போடு! சார், வணக்கம். நான் எதிர்த்தரப்பு வக்கீல். சாட்சி யாராவது இருக்காங்களா பக்கத்துல?"

"லாரிக்காரன் இருக்கேன்" என்றார் லாரிக்காரர், பீடியை மறைத்துக்கொண்டு.

"போதும். சார், தெளிவாச் சொல்லுங்க. அந்த அறையில இருக்கிற பொருள் மேல உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, நீங்களா மனசாரக் கைவிடறீங்க. சரியா?"

"உரிமை இல்லை" என்றார் பல்செட்டுக்காரர். சற்று நிறுத்தி, "எப்பவுமே இருந்ததில்லை" என்றார்.

"அது தேவையில்லாத வாக்கியம், பரவாயில்லை. அப்போ அரக்கை உடைக்க உங்களுக்குச் சம்மதம்?"

"சம்மதம். வீட்டுக்காரம்மாவுக்கு முழு உரிமை."

அந்த 'முழு உரிமை'யைச் சொல்லும்போது அவர் தோள் இரண்டும் இறங்கின. நெடுந்தூரம் மூட்டை சுமந்தவன் இறக்கி வைக்கும்போது இறங்குமே, அப்படி. அவளைப் பார்த்துக் கும்பிட்டார். திரும்பி நடந்தார். மாடிப் பக்கம் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஜெயிச்சுட்டடி!" என்றது போன். "நான் கோர்ட்டுக்கு எழுதிடறேன். நீ திற. அத்தனையும் உன் சொத்து."

அரக்கு உடைந்து தரையில் சிதறியது. கண்டக்டர் சுத்தியலால் பூட்டைத் தட்டினார். தம்பி தன் மேடைக் குரலை வரவழைத்துக்கொண்டான்.

"இதோ உங்கள் அனைவரின் பலத்த கரகோஷத்துக்கிடையே..."

கதவு திறந்தது. கரகோஷம் இல்லை. யாருமே இல்லை.

சிறிய அறை. உயரத்தில் கம்பி போட்ட ஒரு காற்றுத் துவாரம், அதிலும் பல வருட ஒட்டடை. மூன்று சுவரிலும் தரை முதல் கூரை வரை அலமாரிப் பலகைகள். பலகை நிறைய வெள்ளைத் தாடைகள். மேல்தாடைகள், பிளாஸ்டர் மாவில் வார்த்த அச்சுகள். ஒன்றிரண்டு பல் உள்ளவை, பாதிப் பல் உள்ளவை, பொக்கை. அத்தனையும் வாசலைப் பார்த்துத் திறந்திருந்தன.

"ஹவுஸ்ஃபுல்" என்றான் தம்பி மெதுவாக.

நடுவில் வேலை மேசை. மேசை மேல் ரப்பர் கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பில் மாவு இன்னும் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு அச்சு.

மூத்தவள் அதைக் கையில் எடுத்தாள். எடுத்த வேகத்தில் கீழே போடப் பார்த்தாள்.

அச்சு சுட்டது.

பல வருடங்களுக்கு முன் வாடகை வாங்க வந்த ஒரு காலையில், இதே மேசையில், பல்செட்டுக்காரர் அவள் உள்ளங்கையில் புதிதாக வார்த்த ஓர் அச்சை வைத்தார். அவள் பதறியதும், "பயப்படாதேம்மா. இந்த மாவு இறுகும்போது தானாச் சுடும். ஒரு மணி நேரத்துல ஆறிடும். அப்புறம் வெறும் கல்லு" என்றார்.

அப்படியானால் இதை வார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"குடு பாப்போம்." தம்பி வாங்கித் திருப்பிப் பார்த்தான். பார்த்தவன் வாய் தன்னிச்சையாகத் திறந்தது. அச்சின் இடது பக்கத்தில் ஒரு தெத்துப்பல் எட்டிப் பார்த்தது. அதே சாய்வு. நோட்டீஸ் நோட்டீஸாக எல்லாரும் பார்த்த அதே சாய்வு.

"அக்கா, இது என் வாய்க்கா."

"உளறாதே."

"என் வாயை எனக்குத் தெரியாதா? தினம் கண்ணாடியில ஒரு மணி நேரம் பாக்கிறேன்." விரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவினான். திடீரென்று சிரித்தான். "அப்பாடா. நான் இல்ல. இங்க பாரு, தெத்துப்பல்லுக்குப் பக்கத்து முன்பல் இதுல இல்ல. எனக்கு இருக்கு பாரு. ஈஈஈ."

"எவனோ இன்னொரு தெத்துப்பல்காரன்" என்றார் கண்டக்டர், அவசரமாக. "வாங்க, வாங்க, சாமானை இறக்குவோம். இந்த அறையைப் பூட்டிடு. நாளைக்கு மூட்டை கட்டிக் குப்பையில போட்டுடலாம். நம்ம பொருள்தானே இப்ப."

அச்சை மேசையில் வைத்துவிட்டு அவர்கள் இறங்கிப் போனார்கள். அவளால் இறங்க முடியவில்லை. பிறகு ஒரே ஓட்டமாகப் படி இறங்கி, லாரியைத் தாண்டி, தெருக்கோடி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

பல்செட்டுக்காரர் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார். அவள் வருவாள் என்று தெரிந்திருந்தவர் போலத் தள்ளி இடம் விட்டார்.

"அந்த அறைக்கு வேற வழி இருக்கா சார்? யார்கிட்டயாவது சாவி இருக்கா?"

"இல்லம்மா."

"அப்போ அந்த அச்சு? இப்பதான் வார்த்திருக்கு. சுடுது."

"நான் பல்லு செஞ்சு குடுத்தவன் மட்டும்தாம்மா. அச்சு ஒண்ணுகூட என் கை வேலை இல்ல." அவர் சாலையைப் பார்த்தபடியே பேசினார். "முதல் நாள் காலையில அறையைத் திறந்தேன், மேசையில ஒரு அச்சு இருந்துச்சு. யாரோ விட்டுட்டுப் போனதுன்னு நெனச்சு விளையாட்டா ஒரு செட்டு செஞ்சு வச்சேன். சாயங்காலம் ஒருத்தர் சைக்கிள்ல இருந்து விழுந்து, வாயில ரத்தத்தோட வந்தார். கச்சிதமாப் பொருந்துச்சு. அதுல இருந்து அப்படித்தான். அது முதல்ல வரும். ஆள் பின்னாடி வருவாங்க."

அவள் நாக்கு குழிக்குள் ஒடுங்கியது. "கோர்ட்டுல இதைச் சொல்லியிருக்கலாமே!"

"ஜட்ஜ் ஐயா கிட்டயா?" கைக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். "காலி பண்ண மாட்டேன்னு நின்னது பிடிவாதம்னு நெனச்சீங்க. அது வந்தா செய்யறதுக்கு அங்க ஒரு ஆள் இருக்கணும்மா. சூடு ஆறுறதுக்குள்ள கையில எடுத்து வேலையை ஆரம்பிச்சிடணும். ஆறவிட்டா அப்புறம் எந்தப் பல்லும் அந்த வாயில நிக்காது."

"ஆறவிட்டுப் பாத்திருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை. யாருதுன்னு பார்த்ததும் கோவம் வந்துச்சு. செய்ய மாட்டேன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் இடது கையை மெல்ல இறக்கினார். முதல் தடவையாக அவள் அந்த வாயைப் பார்த்தாள். வெற்று ஈறு. ஒரு பல் இல்லை.

"எத்தனையோ செட்டு செஞ்சு மாட்டிப் பார்த்தேன். ஒண்ணும் தங்கல."

பஸ் வளைவில் திரும்பியது. அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். ஆறு வருடம் எந்த மனிதரை வெளியேற்ற அலைந்தாளோ, அந்த மனிதரிடம் கெஞ்சினாள்.

"திரும்பி வந்துடுங்க சார். வாடகை ஒண்ணும் வேணாம். அந்த அறையை நீங்களே வச்சுக்கங்க."

"அது எப்படிம்மா?" அவர் கனிவாகத்தான் சொன்னார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "கோர்ட்டு என்னை வெளிய போன்னு சொல்லியிருக்கு. சட்டத்தை மீறலாமா?"

பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது.

அவள் கேட்டுக்குத் திரும்பியபோது மாடிப்படியில் பீரோ ஏறிக்கொண்டிருந்தது. மேலே கயிற்றைப் பிடித்தபடி லாரிக்காரர். நடுவில் கண்டக்டர், "முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க" என்று. கீழே முட்டுக் கொடுத்துக்கொண்டு தம்பி.

"தம்பி! அதை விடுடா! நகரு!"

அவன் அவளைப் பார்த்துத் திரும்பினான். பல் தெரியச் சிரித்தான். "பயப்படாதக்கா, நான் மேடையில..."

கயிறு நழுவியது. பீரோ ஒரு படி இறங்கியது, ஒரே ஒரு படி. கைப்பிடி அவன் வாயில் இடித்தது.

அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தான். விரலிடுக்கில் சிவப்பு வழிந்தது. கண்டக்டர் பீரோவைச் சுவரோடு சாய்த்துவிட்டு, பாய்ந்து வந்து கையை விலக்கினார்.

தெத்துப்பல் பத்திரமாக இருந்தது. பக்கத்து முன்பல் இல்லை.

தம்பி அக்காவைப் பார்த்தான். அவன் கண்ணில் வலி இல்லை. கேள்விதான் இருந்தது.

"என்னங்க, பஞ்சு எங்க? மருந்துப் பெட்டி எந்த மூட்டையில இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவள் படியேறினாள். ஆனால் அவள் தேடிப் போனது மருந்துப் பெட்டியை அல்ல. சூடு ஆறுவதற்குள். தம்பியின் அச்சு இன்னும் ஆறியிருக்காது. கையில் எடுக்க வேண்டும். என்ன செய்வது, எப்படிச் செய்வது, ஒன்றும் தெரியாது. எடுத்தாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

வராந்தாவைக் கடக்கும்போது போன் அடித்தது. வக்கீல்.

"கோர்ட்டுக்கு எழுதி அனுப்பிட்டேன்டி. முடிஞ்சது கதை. இனிமே அந்த வீட்டுல உனக்கு இல்லாத உரிமையே இல்ல. என்ன, சத்தத்தையே காணோம்? சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?"

அவள் போனை இறக்கிவிட்டு உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

தம்பியின் அச்சு வைத்த இடத்திலேயே இருந்தது. பாய்ந்து எடுத்தாள். வெதுவெதுப்பு மிச்சமிருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் பார்த்தாள். மேசையில் இன்னொன்று இருந்தது.

ஈரம் காயாத வெள்ளை. மேலே மெல்லிய ஆவி. ஒரு பல்கூட இல்லாத, முழுப் பொக்கைத் தாடை. யாருடையது என்று சொல்ல அதில் அடையாளமே இல்லை. குனிந்து பார்த்தாள். மேலண்ணத்தின் நடுவில், பென்சில் நுனி அளவுக்கு, ஒரு குழி.

நாக்கு போய்த் தொட்டது. அதே இடம். அதே ஆழம்.

ஒரு கையில் தம்பியுடையது. மறு கையால் தன்னுடையதைத் தொட்டாள். சுட்டது. இன்னும் ஒரு மணி நேரம்.

"ஏம்மா!" கீழே இருந்து கண்டக்டர் குரல். "தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். சாமான் எல்லாம் இறங்கிடுச்சு. லாரியை அனுப்பிடட்டுமா?"

'அனுப்பாதீங்க' என்று கத்த வாயைத் திறந்தாள். திறந்த வாயை உடனே மூடிக்கொண்டாள். அனுப்பாமல்? அனுப்பாமல் வைத்து எங்கே போவது? எந்த வீட்டுக்கு?

பதில் வராததால் அவர் லாரியின் பக்கவாட்டில் தட்டினார்.

டப் டப்.

"போலாம், ரைட்!"

எஞ்சின் உறுமியது. மாவு படிந்த அந்தத் தரையில், வெள்ளைத் தாடைகளின் நடுவில், மூத்தவளின் வலது கால் தன்பாட்டில் முன்னே நகர்ந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக் கொடுத்தே பழகிய கால். எந்த வண்டியில் ஏறினாலும், இல்லாத பிரேக்கை அழுத்தும் கால். பலங்கொண்ட மட்டும் அழுத்தினாள்.

லாரி நிற்கவில்லை.